தூக்கத்திலேயே வந்த பக்கவாதம்: அடைப்பைக் கரைக்கும் ஊசியை அம்மாவுக்கு ஏன் போடவில்லை?

வேனில் (கேள்வி)

அம்மாவுக்கு 68 வயது. பல வருடங்களாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார், சுகர் கிடையாது. போன வாரம் காலை ஆறரை மணிக்கு எழுந்தவர் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் சரிந்துவிட்டார். வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது. தம்பி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான், நானும் அவனும் கூடவே ஏறினோம், ஏழரைக்கெல்லாம் அவசரப் பிரிவில் இருந்தோம். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தக் கசிவு இல்லை, ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இது பக்கவாதம்தான்" என்றார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் பக்கவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அங்கேயே குழப்பம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போடுங்கள் என்று தம்பி கேட்டான். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்டார். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது நன்றாக இருந்தார் என்றோம். "அப்படியானால் ஒன்பதரை மணி நேரம் ஆகிவிட்டது, போட முடியாது" என்று சொல்லி, ஆஸ்பிரின் கொடுத்து வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றே பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தாராம், அவருக்கு அந்த ஊசியைப் போட்டார்கள், மறுநாள் கையைத் தூக்கிக் காட்டினார். அம்மாவால் இன்னும் கரண்டி பிடிக்க முடியவில்லை.

தம்பிக்கு அந்த டாக்டர் மேல் கடும் கோபம், புகார் எழுதப்போகிறேன் என்கிறான். உறவினர் ஒருவர் அதற்கு நேர் எதிராக, அந்த ஊசியைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடுவார், போடாததே நல்லது என்கிறார். யாரை நம்புவது? எழுந்த பிறகுதானே அறிகுறி தெரிந்தது, அப்போதிருந்து ஏன் கணக்கு வைக்கவில்லை? போட்டிருந்தால் அம்மா இப்போது நடந்துகொண்டிருப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இரவுப்பணி

அவசரப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவன் நான். உங்கள் அம்மாவின் ஸ்கேனையும் கேஸ் ஷீட்டையும் பார்க்காமல் அந்த டாக்டர் செய்தது சரி என்றோ தவறு என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்ன யோசித்திருப்பார் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த ஸ்கேன். சிடி எடுப்பது அடைப்பைக் கண்டுபிடிப்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் சிடியை முக்கியமாக எடுப்பது ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். மூளைக்குள் கசிந்த ரத்தம் சிடியில் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும், அடைப்பினால் ரத்தம் போகாத பகுதியோ முதல் சில மணி நேரம் சிடியில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆக, கையும் பேச்சும் போயிருக்கிறது, ஸ்கேன் நார்மல், ரத்தச் சர்க்கரையும் தாழ்ந்துவிடவில்லை என்றால், அடைப்பினால் வந்த பக்கவாதம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். (சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் கை கால் விழுந்தது போல இருக்கும், அதனால்தான் வந்தவுடன் விரலில் குத்திப் பார்க்கிறோம்.)

அப்புறம் ஊசி. ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் என்று இரண்டு மருந்துகள். நம் உடம்பே ரத்த உறைவைக் கரைக்க வைத்திருக்கும் ஒரு பொருளின் வேலையைத்தான் இவையும் செய்கின்றன. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக மாற்றுகின்றன, பிளாஸ்மின் அந்த உறைவைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை வெட்டுகிறது. சரி, நல்லதுதானே, எல்லோருக்கும் போட வேண்டியதுதானே என்றால், ரத்தம் போகாமல் கிடக்கும் பகுதியில் மூளைச் செல்கள் மட்டும் சாவதில்லை, அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவரும் நேரம் போகப் போகப் பலவீனமாகிறது. நாள்பட்ட ரப்பர் குழாயில் திடீரென்று தண்ணீரைத் திறந்துவிட்டது போல, தாமதமாக அடைப்பைத் திறந்தால் அந்த இடமே கசிய ஆரம்பிக்கலாம், கூடவே உறையும் தன்மையைக் குறைக்கும் மருந்து உடம்பில் இருக்கிறது. சீக்கிரம் போட்டால் காப்பாற்றுவதற்கு நிறைய மூளை மிச்சம் இருக்கிறது, தாமதமாகப் போட்டால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது, ஆபத்து மட்டும் அப்படியே நிற்கும்.

அதனால்தான் நேர வரம்பு. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் போட்டால் பலன் இருக்கிறது என்று காட்டினார்கள், 1996-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரம் வரை நீட்டியது. இதற்கு முன்னால், மாரடைப்புக்குப் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸை பக்கவாதத்துக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகளை, ரத்தக் கசிவும் மரணமும் கூடியதால் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

எழுந்ததிலிருந்து ஏன் கணக்கு வைக்கவில்லை என்று கேட்டீர்கள். தூங்கும்போது எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. பதினொரு மணிக்கு அடைத்திருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் செத்துக்கொண்டிருந்த மூளை அது, ஆறு மணிக்கு அடைத்திருந்தால் ஒன்றரை மணி நேரம்தான். பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதனால் 'கடைசியாக யாராவது நன்றாகப் பார்த்த நேரம்' என்பதையே தொடக்கமாக எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் தம்பி கேட்க நினைத்தால் இதைக் கேட்கலாம். எம்ஆர்ஐயில் ஒரு வகைப் படத்தில் அடைப்பு வந்த பகுதி சில நிமிடங்களிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும், இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் தெரிய ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். முதலாவதில் தெரிகிறது, இரண்டாவதில் இன்னும் தெரியவில்லை என்றால் அடைத்து அதிக நேரம் ஆகியிருக்காது என்று பொருள். 2018-ல் ஐரோப்பாவில் இப்படித் தேர்ந்தெடுத்த 503 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தார்கள், போடாதவர்களில் 42 சதவீதம். ஆனால் அந்த எம்ஆர்ஐ அந்த நேரத்திலேயே கிடைக்க வேண்டும், படிக்க ஆள் வேண்டும். எல்லா இடத்திலும் காலை ஏழரைக்கு அது நடக்காது என்பது வருத்தமான உண்மை.

தாழை

வேனில், உங்கள் உறவினர் சொன்னதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் பயப்படுவது எங்கள் வீட்டில் நடந்தது.

என் அப்பாவுக்கு ஊசி போட்டார்கள், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே. போடுவதற்கு முன்னால் டாக்டர் என்னை உட்கார வைத்து, நூறு பேருக்குப் போட்டால் ஐந்தாறு பேருக்கு மூளையில் கசிவு வந்து நிலைமை மோசமாகலாம், சிலர் அதிலேயே இறந்துபோகலாம், ஆனாலும் போடுவதால் தேறுபவர்கள் அதைவிட அதிகம் என்று சொன்னார். கையெழுத்துப் போட்டேன். ராத்திரி அப்பாவுக்குத் தலைவலி வந்தது, வாந்தி எடுத்தார், மயங்கினார், ஸ்கேனில் கசிவு. சில நாட்களில் போய்விட்டார்.

உறவுக்காரர்கள் எல்லோரும் ஊசிதான் கொன்றது என்றார்கள். நானும் நிறைய நாள் தூங்கவில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து என் அம்மாவுக்குப் போடலாமா என்று கேட்டால், நேரத்துக்குள் வந்திருந்தால் போடுங்கள் என்றுதான் சொல்வேன், முழு மனதோடு சொல்வேன். அப்பா விழுந்தபோது ஒரு பக்கம் முழுதாக உயிரில்லாமல் கிடந்தது, பேச்சே இல்லை. ஊசி போடாமல் விட்டிருந்தால் அவர் நன்றாக இருந்திருப்பார் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைத்துக்கொள்ள வழியில்லை. ஆபத்து உண்மை என்பதற்காகப் பலன் பொய்யாகிவிடாது. உங்கள் உறவினர் ஆபத்தை மட்டும் சொல்கிறார், உங்கள் தம்பி பலனை மட்டும் பார்க்கிறார்.

மணல்வீடு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பக்கவாதம் என்று தெரிந்தவுடன் வீட்டிலேயே ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுங்கள், விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் வெளியேற்றுங்கள், அது போதும் என்று வந்தது. ஊசிக்கு நேரம் தாண்டிவிடும் என்று பயமிருந்தால் இதையாவது செய்யலாமா? மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார்கள்தானே.

இரவுப்பணி

மணல்வீடு, இரண்டுமே வேண்டாம், தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். விரலில் குத்துவதால் மூளையில் எதுவும் மாறாது, நேரம்தான் போகும். ஆஸ்பிரின் விஷயம் இன்னும் மோசம். மாரடைப்பு என்றால் கிட்டத்தட்ட எப்போதும் அடைப்புதான். பக்கவாதத்தில் ஒரு பங்கு ரத்தக்குழாய் வெடித்து வருவது, இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், ஸ்கேன் இல்லாமல் எந்த டாக்டராலும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. வெடித்த குழாய்க்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவைக் கூட்டுகிறீர்கள். அதோடு விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருந்தால் மாத்திரையும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போய்விடும். வாயில் எதுவும் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய வைத்தியம். ஸ்கேன் இல்லாத சின்ன கிளினிக்குக்கு முதலில் போய், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பி, இப்படித்தான் நிறைய பேருக்கு நாலரை மணி நேரம் கரைகிறது.

தாழை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு சரியானது. ஒன்பது ஆய்வுகளில் இருந்த 6756 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2014-ல் வெளியிட்டார்கள். மோசமான கசிவு ஊசி போட்டவர்களில் 6.8 சதவீதம், போடாதவர்களில் 1.3. ஒரு வாரத்துக்குள் கசிவினாலேயே இறந்தவர்கள் 2.7 சதவீதம், மற்றவர்களில் 0.4. இதையெல்லாம் கழித்த பிறகும் மூன்று மணி நேரத்துக்குள் போட்டவர்களில் 33 சதவீதம் பேர் பெரிய குறையில்லாமல் தேறினார்கள், போடாதவர்களில் 23. அதாவது நூறு பேருக்குப் போட்டால் கூடுதலாகப் பத்துப் பேர். மூன்றிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் 35-க்கு 30, கூடுதலாக ஐந்து பேர்தான். ஒரு மணி நேரத் தாமதம் என்றால் என்ன என்பது இந்தப் பத்துக்கும் ஐந்துக்கும் இடையில் இருக்கிறது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது என்பதும் அதே தொகுப்பில் வந்ததுதான், வயதானவர் என்பதற்காகவே விட்டுவிடக் கூடாது.

வார்டு அக்கா

நான் ஸ்ட்ரோக் வார்டில் செவிலியர். டாக்டர் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் நான்.

ஆல்டிபிளேஸ் என்றால் எடையைப் பார்த்துத்தான் அளவு, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் 90-ஐத் தாண்டக் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் ஏற்றிவிட்டு மீதியைப் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவோம். டெனெக்டிபிளேஸ் அப்படியில்லை, கிலோவுக்கு 0.25, அதிகபட்சம் 25, ஒரே தள்ளில் முடிந்துவிடும், அமெரிக்காவில் 2025-ல் பக்கவாதத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டிய நோயாளிக்கு இது பெரிய நிம்மதி, ஆம்புலன்ஸில் பம்ப்போடு போராட வேண்டாம்.

போடுவதற்கு முன்னால் பிபி 185/110-க்குக் கீழே வர வேண்டும், வரவில்லை என்றால் அதை இறக்க மருந்து கொடுத்துவிட்டுத்தான் ஊசி. போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி பார்ப்போம், அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குங்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்போம், தூங்க விடுவதில்லையே என்று வீட்டுக்காரர்கள் கோபப்படுவார்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், பிபி திடீரென்று ஏறுவது, இதில் ஏதாவது வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு நேரே ஸ்கேனுக்குத்தான். சிலருக்கு நாக்கும் உதடும் வீங்கும், ஒருவகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது, அதனால் வாயையும் பார்த்துக்கொண்டே இருப்போம். 24 மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் பொதுவாக ஆஸ்பிரின் ஆரம்பிப்பார்கள்.

பக்கத்துக் கட்டில்காரரோடு ஒப்பிட வேண்டாம், வேனில். அவருக்கு அடைத்த குழாய் வேறு, இடம் வேறு, ஊசி போடாமலேயே முதல் நாளில் தேறுபவர்களும் உண்டு, போட்டும் அசையாதவர்களும் உண்டு. இரண்டையும் நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அம்மாவை யாருமே பார்க்கவில்லையா? நடுவில் பாத்ரூம் போக எழுந்திருப்பார், தண்ணீர் குடித்திருப்பார். கூடப் படுத்திருந்தவர் யார்?

வேனில்

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இப்போதுதான் அப்பாவிடம் பேசினேன். நடுவில் மழை வந்திருக்கிறது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "துணியெல்லாம் வெளியே கிடக்கிறது, விடிந்ததும் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாராம். அப்பா அப்போது மணி பார்த்திருக்கிறார், நாலரை. பேச்சு தெளிவாக இருந்தது, நடையிலும் ஒன்றும் வித்தியாசம் இல்லை என்கிறார். அவருக்கு முட்டி வலி என்பதால் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவர் மட்டும்தான் ஆம்புலன்ஸில் போனோம். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, இது முக்கியம் என்று அவருக்கும் தெரியாது.

நாலரையிலிருந்து கணக்கு வைத்தால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரம்தானே? டாக்டர், நேராகவே சொல்லுங்கள். போட்டிருக்க முடியுமா?

இரவுப்பணி

நேராகவே சொல்கிறேன். நாலரைக்கு நடந்துபோய், இரண்டு கையாலும் ஜன்னலைச் சாத்தி, தெளிவாகப் பேசினார் என்றால், நான் நாலரையைத்தான் தொடக்கமாக எடுத்துக்கொண்டிருப்பேன். ஒன்பது மணி வரை நேரம் இருந்திருக்கும். ஸ்கேன் எடுத்து, மற்ற தடைகள் எதுவும் இல்லை என்றால், கையெழுத்துக்கு உங்களிடம் வந்திருப்பேன். தடைகள் என்றால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிட்டு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.7-க்கு மேல் இருப்பது, புதிய வகை மருந்து என்றால் கடைசி 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருப்பது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பது, கடந்த மூன்று மாதத்தில் தலையில் பலத்த அடி, எப்போதாவது மூளையில் கசிவு வந்திருப்பது, சமீபத்தில் பெரிய அறுவை சிகிச்சை, இப்படிப் போகும்.

இப்போது அதன் மறுபக்கம். எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் ஊசி உள்ளே போக எட்டு, எட்டேகால் ஆகியிருக்கும். அது மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்கான கணக்கு, நூறு பேருக்குப் போட்டால் கூடுதலாக ஐந்து பேர் தேறும் கணக்கு. உங்கள் அம்மா அந்த ஐந்தில் ஒருவரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தால் அம்மா நடந்துகொண்டிருப்பார் என்று தம்பி சொன்னால் அது உண்மை இல்லை, அவர் ஒரு வாய்ப்பை இழந்தார் என்று சொன்னால் அது உண்மை.

புகார் எழுதுவது உங்கள் உரிமை. எழுதினால் அந்த டாக்டரைத் தண்டிக்கச் சொல்லி எழுதுவதைவிட, 'இரவில் யாராவது பார்த்தார்களா, வீட்டில் இருப்பவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள்' என்ற கேள்வியை அவசரப் பிரிவின் படிவத்திலேயே சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். நான் இதைக் கேட்கப் பழகியது ஒரு மூத்த செவிலியரிடமிருந்துதான், புத்தகத்திலிருந்து இல்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி ஆஸ்பத்திரியில் நோயாளி வாசலுக்கு வந்து ஊசி போடும் வரையான நேரத்தை இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதற்கு அவர்கள் செய்தவற்றில் ஒன்று ஆம்புலன்ஸ் வரும்போதே நோயாளியின் விவரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டது. அதற்குப் புது மருந்தோ புது இயந்திரமோ தேவைப்படவில்லை.

நெய்தல்

எனக்கு 51 வயதில் வந்தது, டெனெக்டிபிளேஸ் போட்டார்கள், இன்று இதை நானே இரண்டு கையாலும் தட்டச்சு செய்கிறேன். ஆனால் எனக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு என் மனைவியிடம் டாக்டர் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது, புரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. போடுங்கள் என்று சொல்ல நினைத்து ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. மனைவி யாரையோ ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார், அந்த ஆள் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். நல்லவேளை, டாக்டர் இரண்டு நிமிடம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார்.

நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு போட்டார்கள், பெரிய குழாய் அடைத்தால். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், எனக்கு மறுபடி வந்தால், டாக்டர் போடலாம் என்றால், யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்று. நன்றாக இருக்கும்போதே இதைப் பேசிவைத்துவிட வேண்டும். மாத்திரைச் சீட்டுகளின் படமும் மனைவியின் ஃபோனில் இருக்கிறது, நான் இப்போது உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறேன் என்பது அதில் தெரியும், அதைச் சொல்லாமல் ஊசி போட்டால் எவ்வளவு ஆபத்து என்று மேலே டாக்டரே எழுதிவிட்டார்.

வேனில்

தம்பியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அப்பாவிடம் நாங்களே கேட்காமல் விட்டோமே என்று அவன் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அப்பா அதற்கு மேல்.

கடைசியாக ஒன்று. அடைப்பைக் கம்பி விட்டு எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார், 24 மணி நேரம் வரை செய்யலாமாமே, அதையும் எங்களுக்குச் செய்யாமல் விட்டுவிட்டார்களா? அன்று மதியம் சாயம் ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய குழாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறது. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள், வேறு என்ன கேட்க வேண்டும்?

வார்டு அக்கா

அப்பாவையும் தம்பியையும் அப்படி விடாதீர்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில் கேட்க வேண்டியது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை. நாளைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவாருங்கள், அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது அவரும் கூட இருக்கட்டும், வீட்டில் தினமும் செய்ய வைக்கப்போவது அவர்தானே. முதல் மூன்று மாதம்தான் வேகமாகத் தேறும் காலம், கரண்டி பிடிக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது. தோள்பட்டை ஜாக்கிரதை, அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது, மூட்டு விலகி வலி வந்துவிட்டால் பயிற்சியே நின்றுவிடும். விழுங்கும் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள், தண்ணீர் குடிக்கும்போது இருமினால் உடனே சொல்லுங்கள்.

இரவுப்பணி

கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சை பெரிய குழாய் அடைத்திருந்தால்தான். 2015-ல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அதன் பலனைக் காட்டின, 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகள், காப்பாற்ற மூளை மிச்சம் இருப்பதாக ஸ்கேனில் தெரிபவர்களுக்கு 16 மணி நேரம், 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்றன. உங்கள் அம்மாவுக்குப் பெரிய குழாய்கள் திறந்திருக்கின்றன என்றால் அங்கே எடுக்க எதுவும் இல்லை, அதில் எதையும் விட்டுவிடவில்லை. அந்தச் சாய ஸ்கேனை மதியம் வரை தள்ளாமல் முதல் ஸ்கேனோடு சேர்த்தே எடுத்திருக்கலாம் என்பது மட்டும் என் கருத்து.

வீட்டுக்குப் போகும் முன் கேட்க வேண்டியது, ஏன் வந்தது என்பது. இசிஜி நார்மல் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. இதயம் அவ்வப்போது மட்டும் தாறுமாறாகத் துடித்துவிட்டுச் சரியாகிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அங்கே உறையும் ரத்தம்தான் மூளைக்குப் போய் அடைக்கிறது, ஒரு தடவை எடுத்த இசிஜியில் அது மாட்டாது. உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாளோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் வைத்தார்களா என்று கேளுங்கள். அதில் அந்தத் துடிப்பு தெரிந்தால் பொதுவாக ஆஸ்பிரினுக்குப் பதிலாக வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், வேறு காரணம் என்றால் பிபியையும் கொழுப்பையும் எந்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரினோடு, அதே போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதை எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள், அது பெரும்பாலும் மூன்று வாரத்துக்குத்தான், அந்தத் தேதி சீட்டில் இல்லாமல் மாதக்கணக்கில் இரண்டையும் சாப்பிட்டு ரத்தக் கசிவோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேனில்

குறித்துக்கொண்டேன் டாக்டர். ஹோல்டர் வைக்கவில்லை, சீட்டில் இரண்டு மாத்திரையும் இருக்கிறது, தேதி இல்லை. காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.